எங்கள் சொசைட்டியின் ஆஸ்தான சரித்திரக்காரர்

மும்பையில் போலீஸுக்குப் பயப்படாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வியட்நாம் மாமாவின் பேனாவுக்குப் பயப்படாதவர் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் ஒருவர்கூடக் கிடையாது.

கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு வியட்நாமுக்கு டூர் போனார். மற்றவர்கள் அரண்மனை வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, இவர் கைடைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த நாட்டு ராஜாக்கள் சரித்திரம் எழுதவே தனி அலுவலகம் வைத்திருந்தார்களாம். வெள்ளம், கிரகணம் எதையும் விடாமல் குறித்து வைப்பார்களாம். ஆனால் ஒரு ராஜாவின் காலம் முடிந்த பிறகுதான் அதைச் சரித்திரமாகத் தொகுப்பார்களாம். சில சமயம் சரித்திரக்காரர் கடைசியில் தன் தீர்ப்பையும் சேர்ப்பாராம்.

மாமா ஊர் திரும்பியதும், கட்டடத்தை நிர்வகிக்கும் எங்கள் சொசைட்டியின் சேர்மன்களுக்கு வந்தது வினை. லிஃப்ட் நின்றால் குறித்தார். மீட்டர் ரூமில் காக்கை புகுந்தால் அபசகுனம் என்று குறித்தார். ஒரு சேர்மன் ஃபில்டர் காபி கொடுத்து நைசாக நோட்டைக் கேட்டார். மாமா காபியைக் குடித்தார், நோட்டைக் காட்டவில்லை. காபி தண்ணியாக இருந்தது என்று அதிலேயே எழுதியும் வைத்தார்.

பிறகு நான் சேர்மன் ஆனேன். அந்த ஜூலை மழையில் பக்கத்து கிங்ஸ் சர்க்கிள் மூழ்கி, எங்கள் தரைத்தளத்துக்குள்ளும் தண்ணீர் வந்தது. "பம்பு கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கிடைத்த ரயிலைப் பிடித்து முலுண்டில் மச்சினன் வீட்டுக்கு ஓடிவிட்டேன். மனைவி ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். மறுநாள் மாமா அங்கே போன் செய்தார். மச்சினன் வெகுளி. "அத்திம்பேர் பஜ்ஜி சாப்பிட்டுண்டிருக்கார்" என்று சொல்லிவிட்டான்.

வெட்கம் தாங்காமல் அன்றே ஒரு பம்போடு திரும்பினேன். தாணே வரை அலைந்து தேடியதாக அளந்துவிட்டேன். சொசைட்டி நம்பி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. மாமாவும் கை தட்டினார். போனில் பஜ்ஜி விவரம் கேட்டவர் அவர்தானே!

பதவிக்காலம் முடிந்தது. ஆண்டுக் கூட்டத்தில் மாமா என் சரித்திரத்தை வாசிக்கப் போகிறார் என்றார்கள். முந்தின நாள் காலையிலேயே அவர் வீட்டில் போய் நின்றேன்.

"மாமா, அந்த பஜ்ஜி மேட்டர் மட்டும் வேண்டாமே. மானம் போயிடும்."

"ராஜாவே கேட்டாலும் மாத்தப்படாது, ஓய். ஹிஸ்டரியில அட்ஜஸ்ட்மென்ட்டா? சலேகா நஹி, நடக்காது!"

கூட்டத்தில் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"வெள்ளம் வந்தது. சேர்மன் முலுண்டுக்கு ஓடினார். பஜ்ஜி சாப்பிட்டார்."

ஹாலே என் பக்கம் திரும்பியது. நான் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறுநாள் இடுப்பளவுத் தண்ணீரில் பம்பைத் தலையில் சுமந்து வந்தார். பம்பு ஓடவில்லை. இரண்டாம் மாடி ஏறி, தனியாக இருந்த எனக்கு ஆறு பஜ்ஜி கொடுத்தார். ஒன்றுகூட நனையவில்லை. சரித்திரக்காரர் தீர்ப்பு: ஓடியவர்கள் பதினொரு பேர். தண்ணீர் வடிவதற்குள் திரும்பியவர் இவர் ஒருவரே. நல்ல ஆட்சி."

பத்து முகங்கள் சட்டென்று தரையைப் பார்த்தன. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

மாமாவின் சரித்திரத்தை எழுத வேண்டும் என்று எனக்கு அன்றிலிருந்து ஆசை. அவருடைய சட்டப்படி, அவருடைய காலம் முடிந்த பிறகுதான் எழுத வேண்டும். அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இப்போதே எழுதிவிட்டேன்.