கரகர என்று பதிவான கடகட

நகராட்சியில் ஒலி ஒழுங்குப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மர அறுவை மில், தண்ணீர் மோட்டார், ஒலிபெருக்கி என்று எந்தச் சத்தத்தால் யாருக்குத் தூக்கம் கெட்டாலும் அங்கேதான் எழுதிப் போட வேண்டும். அதன் கண்காணிப்பாளர் கடமை தவறாதவர். வந்த புகார் எதையும் பதில் போடாமல் விட்டதில்லை. ‘தாங்கள் குறிப்பிட்டுள்ள ஒலி அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது எனத் தெரிவிக்கலாகிறது’ என்பதுதான் பதில். நேரில் போய்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்படி எழுத எவராலும் முடியும். கேட்காமலே எழுத அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தில் அவர் தலை நரைத்திருந்தது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஏசி ஒரு நாள் சத்தம் போட ஆரம்பித்தது.

சாதாரண ஏசி அல்ல அது. ஆணையர் வீட்டில் மாட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் அடித்துப் பிடித்து வாங்கிய ரகம். பூனை நடக்கிற மாதிரி ஓடும் என்று விளம்பரம். கண்காணிப்பாளரும் வாங்கி, பார்த்தவரிடமெல்லாம், “ஓடுதா இல்லையான்னே தெரியல, தொட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்” என்று பெருமையடித்து வைத்திருந்தார். ஆகவே சத்தம் வந்தபோது முதலில் அவருக்கு வந்தது கவலை அல்ல, வெட்கம்.

அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் ஆயுள் காப்பீடு விற்பவர். ஏசி அறைதான் அவருடைய அலுவலகம். பகல் முழுவதும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்தின் கதி என்ன என்று அன்போடு கேட்க வேண்டியிருந்தது. எதிர்முனையில் இருந்தவர்கள், “முதல்ல உங்களுக்கு என்ன ஆச்சும்மா, எங்கேருந்து பேசறீங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கூடக் கேட்டாராம். அந்த மாதம் ஒரு பாலிசியும் நகரவில்லை.

கண்காணிப்பாளர் வழக்கம்போல, சத்தம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அன்று சாப்பாடும் வரம்புக்குள்தான் வந்தது. மறுநாளே கம்பெனிக்குப் போன் செய்தார்.

சேவை மையத்துப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். என்ன வகைச் சத்தம் என்று தெரிந்தால்தான் ஆள் அனுப்ப முடியும் என்றாள். கடகட என்றால் திருகு தளர்ந்திருக்கும், கரகர என்றால் உள்ளே இருக்கும் விசிறி, சலசல என்றால் தண்ணீர்க் குழாய், உஸ் என்றால் வாயுக் கசிவு, கிறீச் என்றால் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெக்கானிக்.

“கடகடன்னு சொல்லுங்க,” என்றார் மனைவி பக்கத்திலிருந்து.

“கரகர,” என்றார் கண்காணிப்பாளர் போனில். இத்தனை வருஷம் சத்தத்திலேயே பிழைப்பு நடத்துகிறவருக்குத் தெரியாதா?

வந்த மெக்கானிக் விசிறியைத் துடைத்தான், வடிகட்டியைக் கழுவினான், காதை வைத்துக் கேட்டான். பிறகு பையை மூடினான். “சார், இது கடகட. நான் கரகர. நான் இதைத் தொடக் கூடாது.”

கடகட ஆளை அனுப்பச் சொல்லி மறுபடி போன் செய்தபோது, கரகர சரி செய்யப்பட்டுவிட்டதால் புகார் முடித்து வைக்கப்பட்டது என்றும், ஒரே ஏசிக்கு உடனே இன்னொரு சத்தத்தைப் பதிய முடியாது என்றும் அந்தப் பெண் தெரிவித்தாள். இன்னொருவராக இருந்தால் கொதித்திருப்பார். கண்காணிப்பாளரோ போனை வைத்துவிட்டு அப்படியே மலைத்து உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு அழகான ஏற்பாடு தன் மூளைக்கு இத்தனை நாள் எட்டவில்லையே என்று தன்மேலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது.

அந்த வாரமே நகராட்சியில் சுற்றறிக்கை பறந்தது. இனிப் புகார்தாரர்கள் ஒலியின் பெயரை அங்கீகரிக்கப்பட்ட ஒலிப்பட்டியலிலிருந்து மட்டுமே எடுத்து எழுத வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே ஒலியைச் சொல்ல வேண்டும். கணவனுக்கு டமடம, மனைவிக்குத் தடதட என்றால் புகார் செல்லாது. தமிழில் ஒலிக்குறிப்புக்குப் பஞ்சமே இல்லை என்பதால் எந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. புகார்கள் மளமளவென்று குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றன. ஊரில் அமைதி நிலவுகிறது என்று ஆணையர் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். வீட்டில் மட்டும் ஏசி நாளுக்கு நாள் உரத்துக்கொண்டே போனது.

அப்போதுதான் ஒரு நர்ஸ் எழுதிய புகார் வந்தது. தனியாக வாழ்கிறவர் என்பதால் ஒருமித்த கருத்துக்குத் தடையில்லை. ஆனால் பின்பக்கத்து வீட்டிலிருந்து ‘கடாமுடா’ என்று சத்தம் வருவதாக எழுதியிருந்தார். கடாமுடா பட்டியலில் இல்லை. புகார் திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டாவது நாள் நர்ஸே நேரில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

“சார், எனக்கு ராத்திரி டியூட்டி. பகல்லதான் தூங்கணும். தூங்கி எத்தனையோ நாளாச்சு. நேத்து ஒருத்தருக்கு ஊசி போடும்போது எனக்கே கண்ணு சொருகிடுச்சு. அவர் கையைப் பிடிச்சு என்னை எழுப்பினார்.”

கண்காணிப்பாளருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதே. “கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா. அது கடகடவா இருக்கலாமில்ல?”

“கடகடன்னா விட்டு விட்டு வரும். இது நடுவுல முடாங்குது சார்.”

“முடா எங்ககிட்ட இல்லையேம்மா.”

நர்ஸ் கைப்பையைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை அப்படியே வாயால் எழுப்பிக் காட்டினார். எழுத்தர்கள் எழுந்து நின்றார்கள். ஆணையரே அறையை விட்டு வெளியே வந்து, கட்டடத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும், வகைப்படுத்த முடியாத ஒலியை நேரில் போய்க் கேட்டு வகைப்படுத்த வேண்டியதுதான் என்று உத்தரவிட்டார். அந்தப் பிரிவின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சத்தத்தைக் கேட்க அதிகாரிகள் புறப்பட்டார்கள்.

நர்ஸின் படுக்கையறைக்குள் நுழைந்ததுமே கண்காணிப்பாளருக்கு அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. அந்தத் தெரு வழியாக அவர் வந்ததே இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே, குட்டைச் சுவருக்கு அந்தப்பக்கம் கொடியில் காய்ந்த பனியனை அவருக்கு நன்றாகத் தெரியும். இடது தோளில் ஓட்டை. காலையில் அவர் துவைக்கப் போட்டதுதான். அதன் கீழே ஏசியின் வெளிப்பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

“அது யார் வீடு?” என்றார் ஆணையர்.

“தெரிஞ்சவங்க வீடு மாதிரிதான் இருக்கு சார்,” என்றார் கண்காணிப்பாளர்.

அதற்குள் துணி எடுக்க வெளியே வந்த அவர் மனைவி ஜன்னலைப் பார்த்தார். “என்னங்க, அந்தம்மா வீட்ல என்ன பண்றீங்க?”

நர்ஸ் கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சிவந்த கண்களுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

எல்லாரும் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார்கள். வெயிலில் நடந்த களைப்பில் ஆணையர் வெளிப்பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றார். சட்டென்று சத்தம் நின்றது. கையை எடுத்தார், வந்தது. ஊன்றினார், நின்றது. உயர் அதிகாரியைப் பார்த்தால் இயந்திரத்துக்கே பயம் வருகிறது என்று எழுத்தர் ஒருவர் சொல்ல, ஆணையர் அதை மறுக்கவில்லை. ஆனால் அவரை அங்கேயே நிறுத்தி வைக்க முடியாதே. மேலே ஏதாவது கனமாக வைக்க வேண்டும். கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஓடி, கைக்கு முதலில் அகப்பட்ட பாரத்தைத் தூக்கி வந்தார். முடித்து வைக்கப்பட்ட புகார்களின் கட்டு. பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தார்கள்.

கப்சிப். அந்தப் புகார்களால் ஒரு சத்தம் அடங்கியது அதுவே முதல் தடவை.

போகும்போது ஆணையர் அவரைத் தனியாக அழைத்து, அதே மாதிரி ஒரு கட்டு தன் வீட்டுக்கும் கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மறுநாள் எழுத்தர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எல்லார் வீட்டு ஏசிப் பூனையும் இத்தனை நாள் கடாமுடா என்றுதான் நடந்திருக்கிறது. வெளியே சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. செய்தி பரவியது. நகராட்சிக் கட்டு இல்லாத ஏசி, ஏசியே இல்லை என்று ஆனது. சத்தம் போடாத ஏசிக்காரர்களும் கௌரவத்துக்காக ஒன்று வாங்கி வைத்தார்கள். கட்டுகள் தீர்ந்துபோயின. புதிதாகச் சேர்க்கலாம் என்றால் புகாரே வருவதில்லை. ஒலிப்பட்டியல் அவசரமாக ரத்து செய்யப்பட்டது. எந்த ஒலியானாலும், எந்தப் பெயரிலானாலும், தடித்த தாளில் விரிவாக எழுதிப் பொதுமக்கள் ஒத்துழைக்கக் கோரப்பட்டார்கள். மக்கள் மகிழ்ச்சியோடு எழுதினார்கள். கடைசியில் நம் குறைகளுக்கும் ஒரு கனம் வந்ததே என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிளாஸ்டிக் கிழிந்திருக்கிறதே என்று கண்காணிப்பாளர் தன் வீட்டுக் கட்டைக் கீழே இறக்கினார். முடிச்சு அவிழ்ந்து ஒரு தாள் கையில் வந்தது. யாரோ ஒரு அப்பா எழுதியது. பக்கத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் கைக்குழந்தை வீறிட்டு எழுகிறது, ஐயா ஒரு தடவை வந்து கேட்டுப் பாருங்கள், கேட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது. அடியில் கண்காணிப்பாளரின் கையெழுத்து, வரம்புக்குள் உள்ளது என்று. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அடுத்ததையும் எடுத்தார். அதற்கடுத்ததையும். பக்கத்திலேயே ஏசி கடாமுடாவென்று கத்திக்கொண்டிருந்தது அவர் காதில் விழவே இல்லை.

ஜன்னல் திறந்தது. நர்ஸ் தலைகலைந்து நின்றார்.

“சார், என்ன பண்றீங்க?”

“புகாரெல்லாம் படிச்சிட்டிருக்கேம்மா.” “இத்தனை நாள் படிக்கவே இல்லை.”

“இப்ப என்ன அவசரம்?” என்றார் நர்ஸ். “முதல்ல அதைத் தூக்கி மேல வைங்க சார். மனுஷி தூங்க வேண்டாமா?”

அறைக்குள்ளிருந்து மனைவியும் போனைக் கையால் பொத்திக்கொண்டு அதையேதான் சொன்னார். கண்காணிப்பாளர் தாள்களை அடுக்கி, முடிச்சை இறுக்கிப் போட்டு, கட்டை மேலே ஏற்றினார். ஊர் அமைதியாயிற்று.