தனக்கு மகள் இல்லையென்று பாலசுந்தரம் அக்காவுக்கு எழுதிக்கொள்வது

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய நேசமலர் அக்காவுக்கு,

தம்பி பாலசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு சுகம். கொக்குவிலில் நீங்கள் சுகமாயிருக்கவும், அத்தானின் சீனி வருத்தம் ஒரு கட்டுக்குள் நிற்கவும், உங்கள் கோபம் இந்தக் கடிதத்தின் நாலாம் பக்கத்துக்கு முன் ஆறவும் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

அக்கா, போன கிழமை திங்கட்கிழமை காலை நீங்கள் தொலைபேசியில் எடுத்து, "உனக்கொரு பெட்டை இருக்கிறதை இருபத்திரண்டு வருசமா எங்களுக்கு மறைச்சுப் போட்டியேடா, அதுதானோ நான் பேசின மூண்டு சம்பந்தத்தையும் வேண்டாமெண்டனீ" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து நான் பதினொரு தரம் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் அத்தான்தான் பேசுகிறார், ஒவ்வொரு தரமும் நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். பத்து நாளாக ஒருவர் குளிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், பாவம், அத்தானுக்கும் தெரியும். ஆகையால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்து வைத்து வாங்கினால் வாசிக்காமல் விடமாட்டீர்கள்.

உங்களுக்கு யாரோ அனுப்பிய அந்தப் பதினெட்டு விநாடிப் படத்துண்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன் நிற்பது நான்தான். பக்கத்தில் மயில் நீல உடுப்பில் நிற்கும் பிள்ளை ரூபிகா. அவள் என் மகள் அல்ல. எப்படி அந்த இடத்தில் போய் நின்றேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

தை மாதம் என் வீட்டுக்கு நேர்மேலே, நாலாம் மாடியில், உமாசுதன் என்றொருவர் குடிவந்தார். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், தலைமயிரைப் பின்னால் முடிந்திருப்பார். தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுக்கிற மாஸ்டர். பின்னேரம் ஆறு மணியானால் என் முகட்டில் தொம் தொம்மென்று தொடங்கும், விளக்கு ஆடும், சாமிப் படம் சரியும், நான் தேத்தண்ணீரைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமாக ஒரு முறைப்பாடு எழுதிக்கொண்டு மேலே போனேன். முப்பத்துநாலு வருடம் திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் ஒரு மொழியில் மட்டும் முறையிடுவது சரியல்ல அல்லவா. உமாசுதன் வாசலில் நின்றபடியே மூன்றையும் வாசித்தார். வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "அங்கிள், இது மூண்டும் நீங்களே எழுதினது? எங்களுக்கு ஒரு ஆள் தேவைப்படுது" என்றார்.

தேவை என்னவென்றால், அவர் பழக்குகிற ரூபிகா வவுனியாவிலிருந்து வந்த பிள்ளை. பகலில் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள், வேலை முடிந்து வந்து ஆடுகிறாள். போட்டி நடப்பதோ ஒரு சிங்கள அலைவரிசையில். நடுவர்கள் சொல்வது அவளுக்கு விளங்காது. மாஸ்டருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் மாஸ்டர்மார் மொழிபெயர்க்கக் கூடாது என்று அங்கே சட்டம். முந்திய வருடம் ஒரு மாஸ்டர் நடுவர்கள் ஏசியதையெல்லாம் பாராட்டாக மாற்றிச் சொல்லிப் பிடிபட்டாராம். அப்படிப்பட்ட ஒழுக்கக்கேடு இனி நடக்கக்கூடாது என்பதற்காக, போட்டியோடு சம்பந்தமில்லாத, நேர்மையான, வயதான ஒருவரைத் தேடினார்கள். ஓய்வு பெற்ற ஆறு வருடத்தில் என்னிடம் யாரும் எதையும் மொழிபெயர்க்கத் தந்ததில்லை, அக்கா. கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மருந்துப் பெட்டியிலிருந்த துண்டை வாசித்துச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. இரண்டு படி இறங்கி, திரும்பி ஏறிச் சொன்னேன்.

முதற் கிழமை படப்பிடிப்புக்கு வான் வண்டியில் போனோம். என் மடியில் ரூபிகா கட்டி ஆடுகிற இறக்கைகள். அங்கே ஒரு பெண் வந்து என் நெற்றி மினுங்குகிறது என்று பவுடர் போட்டாள், நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல மொட்டை முழுக்கப் போட்டாள். ரூபிகா ஆடினாள். எனக்கென்னவோ நன்றாகத்தான் பட்டது. நடுவர் மூன்று பேரில் நடுவே இருந்தவர் மாஸ்டர் சாலி என்பவர், காதில் கடுக்கன், கறுப்புச் சட்டை, மொரட்டுவைப் பக்கத்துச் சிங்கள ஆளாக்கும் என்று நினைத்தேன். அவர் ஒலிவாங்கியை எடுத்து, இந்தப் பிள்ளையின் கை இரண்டும் கொடியில் காயப்போட்ட உடுப்புப் போலத் தொங்குகின்றன, முகம் வங்கியில் வரிசையில் நிற்கிற ஆளுடைய முகம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். கொடியா கம்பியா என்று ஒரு கணம் யோசித்துக் கொடி என்றே போட்டேன். எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க மாட்டேன். ரூபிகாவின் கண்ணிலிருந்து மை இறங்கி நாடி வரைக்கும் வந்தது.

மற்ற நாள் என் முகட்டில் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாமிப் படம் நேராக நின்றது, தேத்தண்ணீர் கோப்பையிலேயே இருந்தது, எனக்கு அதைக் குடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் புடவைக் கடைக்குப் போய், தேவையில்லாத ஒரு வேட்டியை வாங்கிக்கொண்டு நின்றேன். ரூபிகா மடித்துத் தந்தாள். அம்மா வவுனியாவில் பக்கத்து வீட்டில் போயிருந்து நிகழ்ச்சியைப் பார்த்தவ என்றும், கொடியில் காயப்போட்ட உடுப்பு என்றதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்தவை என்றும் சொன்னாள். மிச்சக் காசை எண்ணித் தந்தாள். என்னோடு கோபமில்லை போலத்தான் இருந்தது, அதுதான் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் அன்று பின்னேரம் மேலே சத்தம் கேட்டது.

இரண்டாம் கிழமை மாஸ்டர் சாலி சொன்னது இது: ஆட்டம் முடியும்வரை இந்தப் பிள்ளை தாளத்தைத் தேடிக்கொண்டிருந்தது, தாளம் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் கடைசிவரை சந்திக்கவில்லை. அக்கா, நான் வாயைத் திறந்தேன். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாத வாய். "உங்கட ஆட்டத்திலை ஒரு தேடல் இருக்குதாம், பிள்ளை" என்றது அந்த வாய். ரூபிகா கையைக் கூப்பிச் சிரித்தாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓரத்திலிருந்த நடுவர், இவ்வளவு கடும் பேச்சை இவ்வளவு மலர்ந்த முகத்தோடு ஏற்ற ஒரு பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று நெகிழ்ந்து போய் இரண்டு புள்ளி கூடப் போட்டார்.

மூன்றாம் கிழமை, இந்தப் பிள்ளை சுழலும்போது எனக்குத்தான் தலை சுற்றியது என்றார். நான், உங்கள் சுழற்சியில் அவர் தன்னை மறந்துவிட்டாராம் என்றேன். உமாசுதன் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். என்னைக் காட்டிக் கொடுப்பார் என்று பயந்தேன். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க என் முகட்டில் ஒரே சுழற்சிதான், அதற்கு முந்திய கிழமை முழுக்கத் தாளந்தான். நடுவர் சொன்ன பிழையை யார் சொன்னது என்று சொல்லாமலே அவர் திருத்திக்கொண்டிருந்தார். நானும் அவரும் படியில் சந்தித்தால் மழையைப் பற்றி மட்டும் கதைப்போம்.

நாலாம் கிழமை அரையிறுதி. ஞாயிறு பின்னேரம், நேரடி ஒளிபரப்பு. ரூபிகா உயரப் பாய்ந்து இறங்குகிற ஆட்டம். முடிந்ததும் மாஸ்டர் சாலி, எல்லாம் நல்லம், ஆனால் பாய்ந்து இறங்குகிறபோது அரிசி மூட்டை விழுந்த சத்தம் கேட்கிறது என்றார். நான், நீங்கள் இறங்கும்போது ஒரு நிறைவு தெரிகிறதாம் என்று சொல்லி வாய் மூடவில்லை. அவர் ஒலிவாங்கியைத் திரும்ப எடுத்துத் தமிழில் கதைத்தார்.

"சேர், நான் நெறவு எண்டு செல்லல்ல. அரிசி மூட எண்டுதான் சென்ன. நான் மருதானேல பொறந்தவன், பேரு ஸாலிஹ். மூணு கெழமயா கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறன்."

மண்டபத்தில் தமிழ் விளங்காதவர்களுக்கும் என் முகத்தைப் பார்த்து விளங்கியிருக்கும். நெற்றிப் பவுடர் கரைந்து மூக்கால் இறங்கியது. அப்போது நிகழ்ச்சியை நடத்துகிற அறிவிப்பாளர்ப் பெண் ஓடிவந்து, இப்படி மாற்றிச் சொல்ல இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உறவு என்று சிங்களத்தில் கேட்டாள். நான் "மகே துவ வகே" என்றேன். என் மகள் போல என்று பொருள். "மகே துவ" என்றவுடனே, அந்தப் "போல" வருவதற்கு முன், பிஸ்கட் விளம்பரம் போட்டுவிட்டார்கள். அக்கா, அந்த "வகே" ஒரு பிஸ்கட்டுக்குள்ளே போய்விட்டது. அதோடு விட்டார்களா, படத்துண்டின் அடியில் தமிழில் "இவள் என் மகள்" என்றும் எழுதி உலகமெல்லாம் அனுப்பினார்கள். உங்களுக்கு வந்தது அதுதான்.

விளம்பரம் முடிந்து திரும்பியபோது என்னை வெளியே அனுப்பத்தான் ஏற்பாடு நடந்தது. ஸாலிஹ் தடுத்தார். அவர் மேடைக்கு இறங்கி வந்து, கொடி, தாளம், சுழற்சி, மூட்டை என்று நாலு கிழமைப் பிழையையும் ரூபிகாவுக்குத் தமிழில் நேரே சொன்னார். நான் பார்க்க முடியாமல் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. "தாளமும் சுழற்சியும் மாஸ்டர் திருத்திப் போட்டார் சேர், கையும் சரி. மூட்டை மட்டும்தான் மிச்சம்" என்றாள். அப்படியென்றால் இப்போது பாய்ந்து காட்டு என்றார். பாய்ந்தாள். சத்தம் கேட்டது. திரும்பப் பாய்ந்தாள், கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் தரம் அவள் இறங்கியது எனக்குக் கேட்கவேயில்லை, இத்தனை மாதம் அவளுக்குக் கீழே குடியிருந்த என் காதுக்கே கேட்கவில்லை.

இரண்டு புள்ளியால் இறுதிப் போட்டி தவறிப்போனது. அந்த இரண்டும் நான் பொய்யால் வாங்கிக் கொடுத்து, பிறகு அவர்கள் திரும்ப வெட்டிய இரண்டுதானோ என்று இன்னும் கணக்குப் பார்க்கிறேன். என்னை நீக்கியதாக அலைவரிசையிலிருந்து மூன்று மொழியிலும் கடிதம் வந்தது. தமிழில் ஐந்து எழுத்துப் பிழை, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஸாலிஹ் மட்டும் போகிறபோது என் தோளில் தட்டி, நான் பேசியதைவிட நீங்கள் பேசியது நன்றாயிருந்தது, அதனால்தான் இவ்வளவு நாள் விட்டுப் பார்த்தேன் என்றார். ரூபிகாவைத் தன் நடனக் குழுவுக்கும் கேட்டிருக்கிறார். கடை முதலாளி அரைநாள் வேலைக்குச் சம்மதித்துவிட்டார்.

ஆனால் அன்று திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் நடந்ததை உங்களுக்கு மறைக்கக் கூடாது. பம்பலப்பிட்டி தாண்டியது. பிறகு ரூபிகா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அங்கிள், உண்மையைச் சொல்லியிருந்தா நான் அழுதிருப்பன். அழுதுபோட்டு ஆடியிருப்பன். நீங்கள் நான் ஆடமாட்டன் எண்டெல்லோ நினைச்சனீங்கள்."

எனக்கு மூன்று மொழி தெரியும், அக்கா. வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை மூன்றிலும் எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் அது சரியாகவே இருந்தது.

மூன்று நாள் நான் மேலே போகவில்லை. நாலாம் நாள், போன வியாழன், கதவு தட்டுப்பட்டது. ரூபிகா ஒரு அப்பியாசக் கொப்பியோடு நின்றாள். "சிங்களம் படிப்பிச்சுத் தாங்கோ. இனி எனக்கு நடுவிலை ஒருத்தரும் வேண்டாம்" என்றாள். அவள் முதன்முதல் கேட்ட வசனம், "எனக்கே சொல்லுங்கள்" என்பதற்குச் சிங்களத்தில் எப்படி என்று. "மடம கியன்ன" என்று சொல்லிக் கொடுத்தேன். நாலு தரம் எழுதினாள். எழுத்து வட்டமாக, வடிவாக வருகிறது. ஒரு கிழமையில் உயிரெழுத்து முடித்துவிட்டாள். உமாசுதனும் மேலே இருந்து வந்து என் கதிரையில் உட்கார்ந்து, தான் பேசுகிற சிங்களத்தில் நான் பிழை பிடிக்கிறேன் என்று சண்டை பிடிக்கிறார்.

ஆகவே அக்கா, இதுதான் நடந்தது. எனக்கு மகளும் இல்லை, மறைவான சீவியமும் இல்லை, நீங்கள் பேசிய மூன்று சம்பந்தத்தையும் நான் மறுத்தது வெறும் சோம்பலால் மட்டுமே. தயவுசெய்து இதை அத்தானுடைய ஆட்களுக்கும், ரொறொன்ரோவில் இருக்கும் சித்தி குடும்பத்துக்கும், வைபர் குழுவில் எனக்கு வாழ்த்துச் சொன்ன பதினேழு பேருக்கும் ஒருவர் விடாமல் விளங்கப்படுத்தி விடுங்கள். இனித் தொலைக்காட்சிப் பக்கமும் ஆட்டக்காரர் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும், இந்தத் தம்பியின் மேல் பழைய பட்சமும் குறையாதிருக்க வேண்டி,

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
பாலசுந்தரம்.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். ஸாலிஹின் குழுவுக்கு அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் நிகழ்ச்சி இருக்கிறதாம். ரூபிகா ஆடுகிறாள், துணைக்கு நானும் வருகிறேன், வவுனியாவில் அவளுடைய அம்மாவிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். விடுதி சரிவராது, உங்கள் வீட்டில்தான் தங்குவோம். கிணற்றடிப் பக்க அறையைக் கூட்டி வையுங்கள். அவளுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் சொறிந்து கடி வரும். காலையில் வெறுந்தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவாள், விடாமல் இரண்டு இடியப்பமாவது சாப்பிடச் செய்ய வேண்டும். அக்கா, மேலே சொன்ன ஆட்களுக்கு இன்னும் விளங்கப்படுத்தத் தொடங்கவில்லை என்றால், தொடங்க வேண்டாம்.