கையெழுத்தில்லாத சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும், உங்கள் நான்கு முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம் என்று எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும்.

இருபத்தாறு வருடம் தொழிற்சாலை ஸ்டோரைக் கட்டிக் காத்தவன் நான். திடீரென்று மேனேஜர் கூப்பிட்டு, “சான்றிதழ் இல்லாதவங்களை ஸ்டோர்ல வைக்கக் கூடாதாம். படிச்சு வாங்குங்க, இல்லன்னா கேட்ல வாட்ச்மேனா நில்லுங்க” என்று சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து வணக்கம் சொன்னது. மரியாதையைக் கெடுப்பானேன் என்று நானும் உட்காரச் சொன்னேன். பின்னாலேயே நிஜ ஆசிரியை வந்து என்னையும் உட்காரச் சொன்னார். ஆறு மாதமாக என் வீட்டுக்காரி தினமும் கேள்வி கேட்டதில் பாடம் முழுக்க அவளுக்கு மனப்பாடம், எனக்குப் பாதிதான்.

எழுத்துத் தேர்வை எப்படியோ ஒப்பேற்றினேன். நேற்று செய்முறைத் தேர்வில்தான் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். தேர்வாளர் ஒரு சீட்டை நீட்டி, “பத்து ஹெல்மெட் எடுத்துக் கொடுங்க” என்றார். சீட்டில் அதிகாரி கையெழுத்து இல்லை.

“கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார்.”

“பரீட்சைதானே, சும்மா கொடுங்க.”

“சும்மா கொடுக்கறதுக்கு ஸ்டோர் எதுக்கு சார்? பூட்டு எதுக்கு? நான் எதுக்கு?”

மூன்று முறை கேட்டார், குரலை உயர்த்தினார். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, “ஓரமா நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க” என்று அதட்டிவிட்டேன். பின்னால் ஒருவரும் இல்லை, பழக்க தோஷம். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். மற்ற பதினெட்டுப் பேரும் ஐந்தே நிமிடத்தில் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

ஆக, நான் தோற்றது நிச்சயம். போகிற வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்க எனக்கு மனமில்லை. அத்தான் கடையில் ஒரு மூலையாவது கேட்டு வை. இந்த ஜென்மத்தில் இனிப் புத்தகத்தைத் தொடமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தேர்வாளரே போன் செய்தார். கையெழுத்தை வேண்டுமென்றேதான் விட்டிருந்தாராம். பத்தொன்பது பேரில் பொருளைக் கொடுக்காதவன் நான் ஒருவன்தான்! மற்றவர்கள் மறுபடி வரவேண்டுமாம். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், அக்கா. அத்தானிடம் எதையும் கேட்காதே. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. வேறு கடிதம் எழுத நேரமில்லை. அதே போனிலேயே அடுத்த நிலைச் சான்றிதழுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், நாளைக்கு வகுப்பு.