ஞாயிறன்று நான் நான்கு முறை எழுந்து சென்றது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

'சம்பந்தி' என்று எழுதவே கை துடிக்கிறது. ஆயினும் அவ்வுரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்பது இக்கடிதத்தைத் தாங்கள் படித்து முடித்த பின்பே தெரியுமாதலால், இப்போதைக்கு 'ஐயா'வோடு நிறுத்திக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் துணைவியாரும் மகனும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம். என் மகள் மட்டும் மூன்று நாட்களாக என்னிடம் பேசுவதில்லை. அதனால் வீடு அமைதியாக இருக்கிறது என்று பொருள்கொள்ள வேண்டாம். அவள் பேச வேண்டியதையும் சேர்த்து என் மனைவி பேசிவிடுகிறாள்.

கடந்த ஞாயிறு மாலை தங்கள் இல்லத்தில், நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுக்கு நடுவே, நான் நான்கு முறை எழுந்து சென்றேன். நான்காவது முறை, "அப்ப உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று தாங்கள் கேட்ட அதே கணத்தில். திரும்பி வந்தபோது தாங்கள் மேசை விரிப்பை மடித்துக்கொண்டே, "பிடிக்கலைன்னா நேரா சொல்லிடலாம் சார், இப்படி எழுந்து எழுந்து ஓட வேணாம்" என்றீர்கள். ஐயா, எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம். ஓடியது நானல்ல, என் வயிறு. இதை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

நான் ஒரு பால் நிறுவனத்தில் சுவை ஆய்வுப் பிரிவின் தலைவன் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது தங்களுக்குத் தெரியாது. என் நிறுவனத்துக்கும் தெரியாது. பாலில் இயல்பாகவே லாக்டோஸ் என்றொரு சர்க்கரை உண்டு. அதைச் செரிக்க வைக்கும் நொதி பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். எனக்கு இருபத்தெட்டிலேயே கடையைக் கட்டிவிட்டது. பிறகு எப்படி இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த வேலையில் தாக்குப்பிடித்தேன் என்றால், சுவை ஆய்வில் விழுங்கக் கூடாது என்பது விதி. ஒரு மடக்கு வாங்கி, நாக்கின் எல்லாப் பக்கமும் உருட்டி, துப்பி, வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்து, மதிப்பெண் எழுத வேண்டும். அவ்விதியை என்னைப்போல் மதித்தவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எவருமில்லை. காரணத்தை எவரும் கேட்டதுமில்லை. என்போன்றோருக்காக லாக்டோஸ் இல்லாத பாலை உருவாக்கும் பணியும் மூன்றாண்டுகளாக என் பொறுப்பிலேயே நடந்தது. அந்த நொதியைப் பாலில் கலந்து குளிர்ந்த தொட்டியில் ஒரு நாள் விட்டுவைத்தால், லாக்டோஸ் இரு சிறு சர்க்கரைகளாக உடைந்துவிடும். வயிறு பார்க்க வேண்டிய வேலையைத் தொட்டியே பார்த்துவிடும். ஆனால் அவற்றுக்கு இனிப்பு அதிகம். "இது பாலா, பாகா?" என்று எழுதிப் பதினான்கு முறை திருப்பியனுப்பி, பதினைந்தாவதில் கையெழுத்திட்டேன். சென்ற மாதம் அது பச்சை மூடிப் புட்டியில் கடைக்கு வந்தது. அதையும் நான் விழுங்கியதில்லை, விதி விதிதானே.

இனி ஞாயிறு. தங்கள் துணைவியார் கிண்ணத்தில் கஸ்டர்டு கொண்டுவந்து, "பால்லயே ஊறினவர் நீங்க, நீங்கதான் எப்படி இருக்குன்னு சொல்லணும்" என்றார்கள். அதைக் கேட்டதுதான் தாமதம், என் வாய் அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஒரு கரண்டி வாங்கினேன், உருட்டினேன், துப்பத் தொட்டியைத் தேடினேன். தங்கள் மகனோ பல் மருத்துவர். அவருக்கும் கை அலுவலகத்தில்தான் இருந்தது. ஒரு கோப்பையை என் தாடைக்குக் கீழே நீட்டி, "துப்புங்க மாமா" என்றார், துப்பினேன். "கொப்பளிங்க" என்றார், கொப்பளித்தேன். "இனிப்பு அரைப் புள்ளி கூடுதல்" என்று மதிப்பெண்ணும் சொல்லிவிட்டேன். எங்கள் இருவரையும் தவிர அறையில் எவரும் அசையவில்லை. "ஏங்க, கெட்டுப்போச்சா?" என்று தங்கள் துணைவியார் கேட்ட குரலைத் தாங்காமல்தான், பரிகாரமாக மூன்று கிண்ணங்களை மளமளவென்று விழுங்கினேன். "சாப்பிடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள் என் மகள். தந்தையின் குடல் நிலவரம் தெரிந்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று மனம் சற்று நொந்தது.

ஒன்பதாம் நிமிடத்தில், "அடுத்த மாசமே தேதி வெச்சிரலாம்" என்று தாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது வயிறு சுருட்டிப் பிடித்தது. முதல் முறை எழுந்தேன். (அரை மணியாவது ஆக வேண்டும் என்பது மருத்துவ நூல்களின் கருத்து, வயிறு நூல் படிப்பதில்லை.) திரும்பி வந்து, மழையைப் பற்றியும் சாலைப் பள்ளங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த வரை ஒரு குறையுமில்லை, பிறகு தங்கள் மகன், "கல்யாணம் ஆனதும் எனக்குப் புது கிளினிக் கிடைச்சிருக்கிற ஊருக்கே குடிபோயிடுறோம் மாமா, ரயில்ல பதினோரு மணி நேரம்தான்" என்றார். இரண்டாம் முறை எழுந்தேன். "என் புத்தகத்தையெல்லாம் இப்பவே பெட்டியில கட்டி வெச்சாச்சு" என்று என் மகள் சிரித்தாள். மூன்றாம் முறை எழுந்தேன். நான்காவது, தங்கள் கேள்விக்கு. தங்கள் குளியலறைத் தாழ்ப்பாளில் ஒரு திருகாணி தளர்ந்துள்ளது என்பதையும், அதை நான் நகத்தால் இயன்றவரை இறுக்கியுள்ளேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே குற்றம் முழுவதும் லாக்டோஸைச் சேர்ந்தது. கஸ்டர்டு குற்றமற்றது, தங்கள் மகனும் குற்றமற்றவர். துப்பச் சொல்லி ஒரு மாமனார் துப்பியும் முகம் சுளிக்காத பிள்ளை வேறெங்கு கிடைப்பார்? தங்கள் துணைவியாரிடம் என் மன்னிப்பைச் சேர்ப்பிக்கவும். பிள்ளைகள் இருவரும் குறைவின்றி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்களைச் சம்பந்தி என்றழைக்கக் காத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் என் மகள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, மூன்று நாட்களுக்குப் பின் வாய் திறந்தாள். "அப்பா, அத்தை கஸ்டர்டு பண்ணினதே உங்க பச்சை மூடிப் பால்லதான். முந்தின நாளே நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பாட்டிலைக் கேப்பீங்க, தேதியைப் பாப்பீங்க, மார்க் போடுவீங்க. அது கிடக்கட்டும். அப்போ நாலு தடவை எதுக்குப்பா எழுந்து போனீங்க?"

அந்தப் பாலில் லாக்டோஸ் இல்லை என்று கையெழுத்திட்டவன் நான். அதில் ஐயத்துக்கே இடமில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். ஐந்தாம் முறையாக எழுந்து போகும்படி ஆயிற்று. எனவே, ஐயா, மேற்கண்ட காரணங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். சம்மதத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை. தேதியை மட்டும், தங்களுக்குச் சிரமமில்லையெனில், அடுத்த மாதத்துக்கும் அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா?