குப்பையைப் பார்வையிட வந்தவர்

எங்கள் தெரு மூலையில் இருந்த குப்பைமேட்டின் உச்சியில் மேகம் தட்டி மழை பெய்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பாதீர்கள். இடுப்பளவுதான். நான் உட்கார்ந்தபடி அளந்துவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வந்த மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்வதில் கடுகளவும் கூட்டல் இல்லை. அவரைக் கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

'பார்வையிடுபவர்' என்று ஓர் இனம் உண்டு. குப்பையைக் கண்டால் நமக்கு எடுக்கத் தோன்றும்; இவருக்கு விசாரிக்கத் தோன்றும். நகராட்சிக்குப் புகார் போனதும் வருவார், வண்டியைக் காற்று வராத பக்கமாய் நிறுத்துவார், கைக்குட்டையை மூக்கில் வைப்பார், மாடு வாங்க வந்தவர் போல மேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், பேனாவால் ஒரு குத்துக் குத்துவார், பேனாவைத் துடைப்பார், அப்புறம் நெற்றியைச் சுருக்குவார். குப்பை பயந்து ஓடிவிடும் என்று நினைப்போ என்னவோ!

"யாரு போட்டது?"

"தெரியல சார். எடுத்துட்டீங்கன்னா போதும்" என்றாள் தேய்ப்புக்கடைக்காரி.

"யாரு போட்டதுன்னே தெரியாம எப்படிம்மா எடுக்கிறது?"

பாவம், அவள் மேசைக்கும் மேட்டுக்கும் ஒரு கை தூரம். அவள் தேய்த்த துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் நாறியது. தையற்காரர் துணி அனுப்புவதை நிறுத்தினார். ஆஸ்பத்திரி நர்சுகள் நிறுத்தினார்கள். இந்த மாதத்தோடு கடையை மூடுவதுதான் வழி என்று இருந்தாள்.

எடுக்கக் கூடாது என்றா இருந்தார் நம் ஆள்? சேச்சே! மேட்டின் தலையில் கிடந்தது ஒரு மெத்தை. அது நகராட்சியில் பெரிய சாமான் பிரிவின் பொறுப்பு. அதற்குக் கீழே வெட்டிப்போட்ட கிளைகள்; பூங்காப் பிரிவு. அதற்கும் கீழே உடைந்த ஓடு, கட்டடப் பிரிவு. எல்லாவற்றுக்கும் அடியில் அழுகிக் கிடந்தது மட்டுமே அவருடையது.

"மேல இருக்கிறத அவங்கவங்க எடுக்கட்டும்மா. என்னோடத ஒரு நொடியில தூக்கிடுவேன்."

பெரிய சாமான்காரர் வந்தார். மெத்தை மழையில் நனைந்திருந்தது. "இது ஈரக்குப்பை, எங்களோடது இல்ல" என்று போயே போய்விட்டார்.

மறுபடி புகார். இந்த முறை மேற்பார்வையாளர் செயலில் இறங்கினார். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று ஒரு பலகை எழுதி, ஊன்ற வேறு இடமா இல்லை, மேட்டின் மேலேயே ஊன்றினார். அதுவரை கையில் பையோடு இடம் தெரியாமல் அலைந்தவர்களுக்கெல்லாம் விலாசம் கிடைத்தது. ஒரு காற்றடித்தது, பலகை தேய்ப்பு மேசை மேல் சாய்ந்தது.

"சார், இந்தப் பலகையையாவது எடுங்களேன்."

"தொட்டுடாதே! நகராட்சிச் சொத்து."

கடைசியில் தீர்த்து வைத்தது எது தெரியுமா? ஒரு வெள்ளைச் சட்டை. நகராட்சித் தலைவர் வீட்டு வேலையாள் அதை அவளிடம் தேய்க்கக் கொடுத்திருந்தான். தலைவர் அதைப் போட்டுக்கொண்டு போய்த் தூய்மையைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்தார். இடப்பக்க உறுப்பினர் நாற்காலியை நகர்த்தினார். வலப்பக்கத்தவரும் நகர்த்தினார். தலைவர் தன் சட்டைக் கையை முகர்ந்தார்; அது தேய்த்த இடத்தை விசாரித்தார்; மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா நாத்தம் இது?"

"ஐயா, அது எந்தப் பிரிவுன்னு..."

"சாயந்திரத்துக்குள்ள எடுக்கல, உன் பிரிவே இருக்காது!"

ஒரு லாரி, இரண்டு ஆள். மெத்தை, கிளை, ஓடு, பலகை எல்லாப் பிரிவும் ஒரே மண்வெட்டியில் ஒன்றாகிப் போயின. தையற்காரர் திரும்பி வந்தார். நர்சுகளும் வந்தார்கள். கடை பிழைத்தது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் மூன்றாம் தட்டின் மூலையில் பச்சைப் பூஞ்சை பூத்த கிண்ணம் ஒன்று இருக்குமே, அதைத் திறந்து பார்த்து, முகம் சுளித்து, "யார் வைத்தது?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப மூடி வைத்தது யார்? இந்த இனம் நகராட்சியில் மட்டுமே வளர்கிறது என்று எண்ண வேண்டாம். அந்த நோய் அண்டாத ஒரே ஆள் இந்தத் தெருவில் நான்தான்.

இதை வாசித்துக் காட்டியபோது தேய்ப்புக்கடைக்காரி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நல்லா இருக்கு பெரியம்மா. ஆனா பலகை விழுந்தப்போ, 'ஒரு முனையைப் பிடிங்க, அந்தாண்ட வைப்போம்'னு உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டேன். நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா? 'யாருடி இதை இங்க நட்டது?'"