சம்பந்திக்கு ஒரு போன்

சிகரெட்டை விடுவதற்கு டாக்டர் கொடுத்த நிகோடின் சூயிங்கம், தையற்காரரின் மேல்வரிசைப் பல்செட்டைக் கீழ்வரிசையோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

“ம்ம்… ம்ம்…” என்றார் அளவு கொடுக்க வந்தவரிடம்.

“இடுப்பளவு சொல்றீங்களா, தைக்க முடியாதுங்கறீங்களா?”

சூயிங்கம் சரிப்படாது என்று, தோளில் ஒட்டும் நிகோடின் பட்டைக்கு மாறினார். அரைக்கைச் சட்டைக்குள்ளிருந்து அது எட்டிப் பார்த்தது.

“மாஸ்டர், துணிக்குத்தான் ஒட்டுப் போடுவீங்கன்னு நெனச்சேன்.”

கேலி பொறுக்காமல் முழுக்கைச் சட்டை போட்டார். வியர்த்துக் கழன்ற பட்டை யாருடைய கோட்டிலோ ஒட்டிக்கொண்டு டெலிவரியும் ஆகிவிட்டது.

வயது அறுபத்தாறு, பழக்கத்துக்கு வயது நாற்பத்தைந்து. “புகை நாத்தத்தோட என் பொண்ணைத் தூக்கக் கூடாதுப்பா” என்று மகள் சொல்லிவிட்டதால், பேத்தி பிறந்த நாளிலிருந்து தூரத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் தந்த கையேட்டைப் புரட்டினார். ‘ஆசை வரும்போது நம்பிக்கையான ஒருவரைப் போனில் அழைத்துப் பேசுங்கள்.’

யாரை? நண்பர்கள் அத்தனை பேரும் புகைவண்டிகள். “ஒரு நாளைக்கு நாப்பது தடவை என்னால ஆகாது. வேற ஆளைப் பாருங்க” என்றாள் மனைவி. மிஞ்சியவர் சம்பந்தி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெண் கொடுத்தவர் பேசினால், தானாகப் போனை வைக்கத் தெரியாத மரியாதைக்காரர்.

“சம்பந்தி, தொந்தரவு இல்லையே?”

“அதெல்லாம் இல்ல, சொல்லுங்க.”

பித்தானுக்குக் காஜா எடுக்கும்போது ஒரு போன், இஸ்திரி போடும்போது ஒன்று, சாப்பிட்டதும் இரண்டு. சம்பந்தி வெளியூர் போவதாகச் சொல்லிப் பார்த்தார், மாஸ்டர் அவரைப் பஸ்ஸிலும் போனில் பிடித்துவிட்டார். பேச விஷயம் தீர்ந்துபோனதும், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்ட கதைகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்தார்.

“இன்னும் இருக்கா சம்பந்தி?” மறுமுனைக் குரல் லேசாக நடுங்கியது.

“நிறைய இருக்கு.”

“சரி, சொல்லுங்க. உங்க உடம்புதானே முக்கியம்.”

நாற்பது நாள் ஆயிற்று. ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கே போய் நின்றார். மகள் முன்னும் பின்னும் மோந்து பார்த்துவிட்டு, குழந்தையை அவர் கையில் வைத்தாள். குண்டூசி குத்தினாலும் கலங்காத கண்கள் கலங்கிவிட்டன.

“எல்லாம் சம்பந்தியோட புண்ணியம். எங்கே அவரு? நேர்ல ஒரு கும்பிடு போடணும்.”

சம்பந்தியம்மாள் மாடிப்படியைக் காட்டினார்.

“மொட்டைமாடியில இருக்காரு. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் சிகரெட்டைக் கையால தொடாத மனுஷன். இப்போ உங்க போனை வெச்சதும் ஒண்ணு பத்த வெச்சாத்தான் படபடப்பு அடங்குதுங்கறாரு.”