அப்பாவின் பங்கு ஈரல்

மதிப்பிற்குரிய ஷார்பான் அத்தைக்கு,

ஷிம்கெந்திலிருந்து மக்பால் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். “அன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம எழுது” என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்: நீங்கள் பார்த்த சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்று அன்று நான் சொல்லவில்லை. தேநீர் ஊற்றும்போது சொல்வதாகத்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு என் ஈரலில் பாதியைக் கொடுத்தபின் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முதலில் பித்தக்குழாய் கசிந்து, விலாவில் குழாயோடு கிடந்தார். அது அடங்கியதும் அவர் உடம்பு என் ஈரலை ஏற்க மறுத்தது. நான் சொன்ன எதையும் முதல் தடவையில் ஒப்புக்கொள்ளாதவர் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. மருத்துவர்கள் மருந்தைக் கூட்டிச் சமாதானம் செய்தார்கள். அந்த மாத்திரைகள் அவருடைய எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கின்றன. பச்சைப் பால் கூடாது, பிறர் கைபட்ட உணவு கூடாது, இன்னொரு தொற்று வந்தால் தாங்கமாட்டார் என்றார்கள். நீங்களோ ஈரலைக் கையால் ஊட்டிச் சம்பந்தத்தை உறுதி செய்பவர்களை அனுப்பிவைத்தீர்கள்.

அம்மா ஆட்டு ஈரலையும் வால்கொழுப்பையும் வேகவைத்து அரிந்து, பக்கத்து வீட்டுப் பசுவின் காய்ச்சாமல் புளித்த பாலை மேலே ஊற்றி வைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா தோசிம்பெக், வாசலில் நாயைக் கொஞ்சிய அதே கையால் ஒரு பிடி அள்ளி அப்பாவிடம் நீட்டினார்.

“வாயைத் திறங்க சம்பந்தி.”

“டாக்டர் வேண்டாம்னிருக்காரு.”

“டாக்டரா பொண்ணு எடுக்கறாரு? நீங்க சாப்பிடலேன்னா பேச்சு முடியலேன்னு அர்த்தம். ஊர்ல என்ன முகத்தை வச்சிக்கிட்டு நடப்பேன்?”

மாப்பிள்ளையின் அத்தை குறுக்கிட்டார். “எனக்கு ஒரு சந்தேகம். பொண்ணு எங்க வீட்டுக்கு முழுசா வருமா, பாதி இங்கேயே இருக்குமா?”

“வளந்துடுச்சுங்க. படம் எடுத்துக் காட்டினாங்க,” என்றார் அம்மா.

“எந்தப் பாதி வளந்துச்சு?”

இதற்குள் அப்பாவின் வாய் திறந்துவிட்டது. விருந்தாளியின் கையை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தேன்.

“அப்பாவுக்குள்ள இருக்கறது என் ஈரல். அவர் பங்கை நான் சாப்பிட்டாலும் ஒண்ணுதான்,” என்று குனிந்து, தோசிம்பெக்கின் விரல்களிலிருந்து வாயால் கவ்விக்கொண்டேன்.

அவர் சற்று யோசித்தார். “நியாயமாத்தான் இருக்கு. ஆனா தானே சம்பந்தியான பொண்ணை இப்பத்தான் பாக்கறேன்,” என்று வழக்கப்படி மிச்சப் பாலை என் முகத்தில் பூசினார்.

சாப்பிட்டவர் பின்வாங்க முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பேச்சில் ஈரலுக்கும் உடன்பிறப்புக்கும் ஒரே சொல். அதை இவ்வளவு பாடுபட்டு யாரும் மெய்ப்பித்திருக்கமாட்டார்கள். மாப்பிள்ளையை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கார் டயரைப் பற்றிப் பேசினார். போகட்டும், அப்பா அந்தத் தட்டைத் தொடவில்லை. எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மக்பால்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். சம்பந்திகளை நான் வாசலில் வழியனுப்பிக்கொண்டிருந்தபோது, அப்பா சமையலறையில் தட்டை வழித்துச் சாப்பிட்டாராம். “பொண்ணு சாப்பிட்டுட்டா, அப்பன் சாப்பிடலேன்னா நல்லா இருக்குமா?” என்றாராம். டயர்க்காரரின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவர் டயர்ப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார். கல்யாணம் செப்டம்பரில்.